பத்தரை மணி அப்பா

சண்முகசுந்தரிக்குப் பத்தரை மணிக்கு ஒரு அப்பா தேவைப்பட்டார். ஷிபினுக்குப் பதினொன்றரைக்கு.

"நடுவுல ஒரு மணி நேரம் கெடக்கு. தாராளம்," என்றார் குமரகுருபரன், ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் தூக்கியபடி. "ஏலே ஷிபின், நீ ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்க?"

"முன்னால எல்லாம் அவங்கவங்க டிபார்ட்மெண்ட்டுலதான கையெழுத்து அண்ணாச்சி. இப்பம் எல்லாரும் பிரின்சிபால் ரூமுக்குப் போணுமாம். புது பிரின்சிபால் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா பேசுதாவளாம்."

"பேசட்டும். நானும் பேசுதேன். எனக்கென்ன பேசத் தெரியாதா?"

குமரகுருபரனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைகள் ஏழு பேர்.

பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரி வாசலுக்கு எதிரே அவருடைய கடை. நாலு வருடத்துக்கு முன் ஒரு பையன் கண்ணீரும் படிவமுமாக வந்து நின்று, "எங்கப்பா கையெழுத்த நீங்களே போட்டுருங்க அண்ணாச்சி," என்று கெஞ்சினான். குமரகுருபரன் மறுத்துவிட்டார். இன்னொருவர் கையெழுத்தைக் கடையில் உட்கார்ந்து போடுவது குற்றம். நேரில் போய் இன்னொருவராக நின்று போடுவது அந்த அளவுக்குக் குற்றமில்லை என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. போனார். போட்டார். அந்தப் பையன் இப்போது சங்கரன்கோவிலில் வாத்தியார்.

செய்தி பரவியது. ஆனால் எல்லோருக்கும் அவர் அப்பாவாகிவிடுவதில்லை. ஊர் சுற்றிவிட்டு வந்து நிற்பவனைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்; "ஒங்கப்பன் எங்கலே, உசுரோடதான இருக்கான்?" என்று விரட்டி விடுவார். அவரிடம் நிலைத்தவர்கள் வேறு மாதிரிப் பிள்ளைகள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தகப்பன்மார் வாழைத்தோட்டத்திலோ, செங்கல் சூளையிலோ, லாரியிலோ இருப்பார்கள். அந்த வீடுகளில், காலேஜில் கூப்பிடுகிறார்கள் என்றால் பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்று பொருள். பையன் என்றால் அடி விழும். பெண் என்றால் படிப்பு நின்று மாப்பிள்ளை வந்துவிடுவான்.

அப்பாவாக வருவதற்கு அவர் காசு வாங்குவதில்லை. படிவத்தை நகலெடுக்க மட்டும் வாங்குவார்.

சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கைபேசி எண் என்ற இடத்தில் ஏழு பேரும் அவருடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் யார் வகுப்புக்கு மட்டம் போட்டாலும் பத்து மணிக்கு அவர் சட்டைப்பையில் குறுஞ்செய்தி வந்து விழும். 'தங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை.' உடனே போன் போடுவார்.

"எங்கலே இருக்க?"

"பஸ்ஸு கெடைக்கல அண்ணாச்சி."

"நேத்தும் கெடைக்கல. வள்ளியூர்ல பஸ்ஸே ஓடலயா, இல்ல ஒன்னையப் பாத்தா மட்டும் ஓடுதா? ரெண்டாவது பீரியடுக்கு உள்ள இருக்கணும். இல்லன்னா அப்பாவ வேற எடத்துல பாத்துக்க."

இது பலித்தது. வேறு இடத்தில் அப்பா கிடைப்பது சுலபமில்லை.

கடைச் சுவரில் அவருடைய உண்மையான அப்பாவின் படம் இருந்தது. சிவசைலம் பிள்ளை. இதே அறையில் நோட்டுக்கடை வைத்திருந்தவர். நாற்பது பக்க நோட்டில் ஒரு தாள் கிழிந்திருந்தால், அட்டையில் முப்பத்தெட்டு என்று திருத்தி எழுதிய பிறகுதான் விற்பார். சின்ன வயதில் குமரகுருபரன் சொன்ன முதல் பொய்க்குக் கிடைத்த அடியின் தடம் இடது முழங்கையில் இன்னும் இருக்கிறது. ஆகவே, யாருக்காவது அப்பாவாகக் கிளம்பும் நாளில் அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார். பிறகு மேசையின் அடி டிராயரைத் திறந்து, பச்சைக் கரை போட்ட துண்டை எடுப்பார். அதுவும் சிவசைலம் பிள்ளையுடையதுதான். வீட்டில் அவர் அதைத் தோளில் போட்டு யாரும் பார்த்ததில்லை. கடை டிராயரில் மடித்தபடி கிடந்தது. எதற்கென்று கேட்க இப்போது ஆளில்லை.

"அண்ணாச்சி, நேரமாச்சு," என்றாள் சண்முகசுந்தரி.

கணிதம், இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்ததில் வருகைப் பதிவு குறைந்துவிட்டது. இன்று நாலு மணிக்குள் பெற்றோர் கையெழுத்து விழாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. திங்கட்கிழமை பரீட்சை.

"அப்பாட்ட சொல்லவே இல்லையாட்டி?"

"சொன்னா அவ்வளவுதான். உப்பளத்துல சூப்பர்வைசரா இருக்க ஒரு மாப்பிள்ள வந்திருக்கு. 'படிப்பு முடியட்டும்'னு நான்தான் தள்ளிப் போட்டுட்டு வாரேன். காலேஜ்லயே பரீட்ச எழுத விடலன்னு தெரிஞ்சா அடுத்த முகூர்த்தத்துல பூ வச்சிருவாவ."

குமரகுருபரன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நட. நான் பாத்துக்கிடுதேன்."

வெளியே ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது.

முதல்வர் அறை வாசலில் அட்டெண்டர் மணிராஜ் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தொன்பது வருட சர்வீஸ். வருகிற மே மாதம் ஓய்வு. எட்டு முதல்வர்களைப் பார்த்தாயிற்று. எதற்கும் முகம் மாறாத மனிதர். தினமும் கடைக்கு வந்து நகலெடுக்கிறவர்தான். குமரகுருபரனைத் துண்டும் திருநீறுமாகப் பார்த்தும் முதல் தடவை பார்ப்பது போலக் கேட்டார்.

"நீங்க யாரு?"

"சுடலைமுத்து. இந்தப் பிள்ளைக்கு அப்பா."

"உள்ள போங்க," என்றார் மணிராஜ்.

முதல்வர் முனைவர் வேதமுத்து ஜூன் மாதம்தான் வந்தவர். முப்பது வருடம் வெளியூர்க் கல்லூரிகளில் இருந்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வருவார், அப்படியே போவார். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"வாங்க. உக்காருங்க."

குமரகுருபரன் உட்காரவில்லை. முதல் தடவை சொன்னதும் உட்காருகிறவன் அப்பா இல்லை, கவுன்சிலர். மூன்றாவது தடவை சொன்ன பிறகு, நாற்காலி நுனியில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்ததாகச் செய்ய வேண்டியதையும் செய்தார். வாத்தியார் வாயைத் திறக்கும் முன்பே பிள்ளையை ஏசிவிட வேண்டும். பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

"நாங்க வெயில்ல நின்னு படிக்க வைக்கோம், நீ இப்படியாட்டி பண்ணுவ? சாரு மூஞ்சில முழிக்க முடியுதா எனக்கு?"

சண்முகசுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள். இருவருக்கும் இது பழக்கம்.

"ஏசாதீங்க," என்றார் வேதமுத்து. "ஸ்ரீவைகுண்டமா? அந்தப் பக்கம் எனக்கும் தெரியும். இந்த வருசம் என்ன போட்டிருக்கு?"

"வாழை சார்."

"வாழையில என்ன?"

குமரகுருபரன் வாழையைப் பழக்கடையிலும் பந்தி இலையிலும்தான் பார்த்திருக்கிறார். "எல்லாமும் உண்டு சார். ஏத்தன், கதலி, பச்ச, செவ்வாழ."

"ஒரே வயல்லயா?"

"ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டும்னுதான் சார்."

வேதமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். பார்வை கீழே இறங்கியது.

"கையெல்லாம் கருப்பா இருக்கே?"

காலையில் மிஷினுக்கு மை நிரப்பியது. விரல் இடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது.

"வாழைக்கறை சார். என்ன தேச்சாலும் போவ மாட்டங்கு."

இந்தப் பதில் குமரகுருபரனுக்கே பிடித்திருந்தது. வேதமுத்து தன்னுடைய உள்ளங்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"போயிரும். கொஞ்ச வருசமாவும்," என்றார். பிறகு, "இந்தத் துண்டு எங்க வாங்குனது?"

"எங்கப்பாது சார்."

"அவரும் வாழைதானா?"

"தலைமுறை தலைமுறையா சார்."

"சரி. நேர்ல வந்ததுக்கு சந்தோசம். இந்தப் பக்கத்துல இருந்து தகப்பன்மாரு யாரும் வர்றதே இல்ல. அதனால ஒண்ணு செய்யலாம். பதினொன்றரைக்கு வேற டிபார்ட்மெண்ட் பெற்றோரும் வாராவ. எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சு ஒரு கூட்டமா போட்டுருதேன். நீங்க மேடையில ரெண்டு வார்த்த பேசணும். கையெழுத்து அதுக்கப்புறம்."

நாற்காலி நுனி இன்னும் கொஞ்சம் குறுகியது.

"போணும் சார். இன்னைக்கு வயலுக்கு எங்க மொறத் தண்ணி. மட தொறந்து விடணும்."

வேதமுத்து ஜன்னலைப் பார்த்தார். மழை வலுத்திருந்தது.

"இந்த மழையிலயா?"

குமரகுருபரனும் ஜன்னலைப் பார்த்தார். "இல்ல சார். இருக்கேன்."

வராந்தாவில் ஷிபின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். வேதியியல், மூன்றாம் ஆண்டு; அவனுக்கும் வருகைப் பதிவு கொஞ்சம் குறைவு. அவனுடைய அப்பா தாவீது லாரி டிரைவர். வெங்காய லோடுக்காக நாசிக்கில் காத்துக் கிடந்தார்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"பதினொன்றரைக்கு நான் சுடலைமுத்தா மேடையில பேசணும்."

"அப்பம் எனக்கு?"

குமரகுருபரன் யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

"ஒனக்கு மொதல்ல முடிச்சிருவோம். இப்பமே தாவீதா போயி, லாரி நிக்கி அவசரம்னு சொல்லிக் கையெழுத்தப் போட்டுட்டு வாரேன். அப்புறமா சுடலைமுத்தா போயி மேடையில ஏறிருதேன்."

"மொகம் ஒண்ணுதான அண்ணாச்சி?"

"ஒரு நாளைக்கு அவரு அம்பது தகப்பனப் பாக்காரு. எல்லாம் ஒண்ணாத்தாம்லே தெரியும்."

கடைக்கு ஓடினார்கள். திருநீற்றை ஈரத்துணியால் துடைத்தார். அது முப்பது வருடமாக உட்கார்ந்திருந்த இடம் என்பதால் நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடுகளுக்குப் பதிலாக மூன்று வெளுத்த கோடுகள் தெரிந்தன. தலைமுடியை முன்னால் இழுத்து மறைத்தார். டிரைவர் வேட்டியில் வரமாட்டார் என்று ஷிபின் சொன்னதால், பக்கத்துத் தையல் கடையில் உயரம் குறைக்க வந்து கிடந்த ஒரு கால்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். உயரம் இன்னும் குறைக்கப்படவில்லை. மூன்று மடிப்பு மடித்து விட்டார். ஷிபினின் மூக்குக்கண்ணாடியையும் போட்டுக்கொண்டார். ஷிபினுக்கு வழி தெரியவில்லை. அவருக்குப் படி தெரியவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"நீங்க யாரு?" என்றார் மணிராஜ்.

"தாவீது. இவனுக்கு அப்பா."

"உள்ள போங்க."

வேதமுத்து நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே."

"அண்ணனப் பாத்திருப்பீங்க சார்."

சொல்லி முடித்த பிறகுதான் குமரகுருபரனுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது.

"எந்த அண்ணன்?"

"சுடலைமுத்து சார். வாழை."

"ஓ. அவரு தம்பியா நீங்க? அவரு சுடலைமுத்து, நீங்க தாவீது."

"நான் சபைக்கு வந்துட்டேன் சார்."

அந்த ஊரில் ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராவது நம்ப முடியாத விஷயமில்லை. ஒரே கொடியில் அண்ணன் பக்கம் காவி வேட்டியும் தம்பி பக்கம் வெள்ளை அங்கியும் காய்கிற வீடுகள் உண்டு. குமரகுருபரனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வேதமுத்து ஷிபினைப் பார்த்தார். "அப்பம் அந்தச் சண்முகசுந்தரி ஒனக்குத் தங்கச்சியா?"

"ஆமா சார்," என்றான் ஷிபின். முகம் செத்துப் போயிற்று. அதற்குத் தனிக் காரணம் இருந்தது. அது இந்தக் கதையில் இல்லை.

"எந்தச் சபை?"

"வள்ளியூர் சார்."

"இந்த வருசம் அசன பண்டிகை நல்லா நடந்துதா?"

"ரொம்ப நல்லா நடந்துது சார். ஆயிரம் பேருக்குக் குறையாது."

"என்ன போட்டாவ?"

குமரகுருபரன் பரம்பரைச் சைவர். ஆயிரம் பேருக்குச் சமைப்பது என்றால் அவர் மனதில் எழும் அண்டா ஒன்றுதான்.

"புளியோதரை சார்."

ஷிபின் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வட்டாரத்துத் தேவாலயங்களில் ஊர் கூடி உண்ணும் அசனம் என்றால் சோறும் ஆட்டுக்கறியும். ஆடு இல்லாத அசனத்தை எந்தச் சபையும் கண்டதில்லை.

"புளியோதரை," என்றார் வேதமுத்து.

"கூட அப்பளம் சார்."

"நல்லது. அண்ணனும் தம்பியும் ஒரே நாள்ல வந்திருக்கீங்க. ரெண்டு பேரும் சேந்தே மேடைக்கு வாங்க."

இந்தப் பள்ளத்தில் இருந்து வெளியே வர குமரகுருபரன் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அது மட்டும் முடியாது சார். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்த இல்ல. சபைக்கு வந்த நாள்ல இருந்து அவன் மொகத்துல நான் முழிக்கல. அவன் இருக்க எடத்துல நான் இருக்க மாட்டேன். நான் இருக்க எடத்துல அவன் இருக்க மாட்டான்."

கடைசி இரண்டு வாக்கியங்களும் உண்மை.

வேதமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா சங்கதி? பிள்ளைங்க ஒரே காலேஜ்ல படிக்கு, அப்பன்மாரு மொகம் பாக்காம இருக்கலாமா? இன்னைக்கு இந்த ரூம்லயே ரெண்டு பேரையும் சேத்து வச்சிருதேன். மணிராஜ், அந்தச் சுடலைமுத்தக் கூட்டிட்டு வாரும்."

மணிராஜ் கதவருகே வந்து நின்றார். குமரகுருபரனை ஒரு பார்வை பார்த்தார். "இங்கனதான் சார் இருந்தாவ. தூரமா போயிருக்க மாட்டாவ."

"அப்பம் போன் போடுதேன்," என்று வேதமுத்து பதிவேட்டைப் புரட்டி, சண்முகசுந்தரியின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அழுத்தினார்.

சபைக்கு வந்துவிட்ட தாவீதின் கால்சட்டைப் பைக்குள்ளிருந்து, 'ஓம் நமசிவாய, ஓம் நமசிவாய' என்று ஓதுவார் குரல் ஒலித்தது.

நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓதுவாருக்கு நல்ல குரல்.

"அண்ணன் போனு சார்," என்றார் குமரகுருபரன்.

"பேச்சுவார்த்த இல்லன்னீங்க."

"பேச்சுதான் சார் இல்ல."

வேதமுத்து அழைப்பைத் துண்டித்தார். பதிவேட்டில் ஷிபினின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அழுத்தினார். ஓதுவார் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

"இந்த நம்பர்ல இன்னும் அஞ்சு பிள்ளைங்க இருக்கு. அதுக்கும் அடிச்சுப் பாக்கவா?"

"வேண்டாம் சார்."

"ஷிபின், நீ வெளிய இரு."

ஷிபின் போகும்போது மூக்குக்கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டான். குமரகுருபரனுக்கு முதல்வரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அது உதவவில்லை.

"என் பேரு குமரகுருபரன் சார். எதுத்தாப்புல ஜெராக்ஸ் கட."

"ம்."

"என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. ஸ்டேஷனுக்குச் சொன்னாலும் சரிதான். அந்தப் பிள்ளைய மட்டும் பரீட்ச எழுத விட்டுருங்க. அது மட்டம் போட்டு ஊர் சுத்தல. அம்மாவுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருக்கு. நகல் எங்கிட்டயே இருக்கு, ரெண்டு செட்டு. காரணம் உண்மை சார். அப்பன் மட்டுந்தான் பொய்."

"உண்மையான அப்பன ஏன் கூட்டிட்டு வரல?"

"வந்தாருன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவாரு சார்."

வேதமுத்து எழுந்து ஜன்னலருகே போனார். எதிரே மழையில் கடை தெரிந்தது. போர்டில் 'ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல்' என்று இருந்தது. மற்றது இல்லை.

"பிள்ளைங்க வரலன்னு மெசேஜ் வந்தா என்ன செய்வீரு?"

'நீங்க' போய் 'நீரு' வந்ததைக் குமரகுருபரன் கவனித்தார். நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

"போன் போட்டு ஏசுவேன் சார்."

"ஏழு பேரையுமா?"

"யாரு வரலையோ அவங்கள. எல்லாரும் வந்துட்டா ஏசுறதுக்கு ஆளு இருக்காது."

வேதமுத்து மேசைக்குத் திரும்பி ஒரு தாளை எடுத்தார். "குடும்பத்துலயே மொத ஆளா படிக்க வந்த பிள்ளைங்க, போன வருசம் இங்க நாப்பத்து மூணு பேரு சேந்திருக்காவ. நடுவுல நின்னது பதினொண்ணு. ஏன் நின்னாவன்னு கமிட்டி போட்டு ஒரு ரிப்போர்ட் எழுதி வச்சிருக்காவ, இருவது பக்கம். நின்னவங்கள்ல உம்ம நம்பரக் குடுத்த பிள்ள ஒண்ணு கூட இல்ல. அது ரிப்போர்ட்ல இல்ல."

அந்த அறிக்கையை ஆறு பிரதி எடுத்துக் கொடுத்தது குமரகுருபரன்தான். அதைச் சொல்வதற்கு இது நேரமில்லை என்று விட்டுவிட்டார்.

வேதமுத்து இரண்டு படிவங்களை முன்னால் தள்ளினார். "போடும்."

"எந்தப் பேர்ல சார்?"

"உம்ம பேரு குமரகுருபரன்னுதான சொன்னீரு? அதுல."

"அப்பா கையெழுத்துல்லா சார் வேணும்?"

"படிவத்தப் படிச்சிருக்கீரா?"

குமரகுருபரன் குனிந்து பார்த்தார். 'தந்தை / பாதுகாவலர்' என்று அச்சடித்திருந்தது. நாலு வருடமாக அந்தப் படிவத்தை ஆயிரக்கணக்கில் நகலெடுத்தவர் அவர். படித்தது இல்லை.

"மேடைப் பேச்சு உமக்கு வேண்டாம். தந்தைய அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடும். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுல ஒரு செட்டு எனக்கு அனுப்பி வையும். ஹால் டிக்கெட் மத்தியானம் குடுத்துருவாவ."

போட்டார். நாலு வருடத்தில் முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரை அந்த இடத்தில் எழுதியதால் எழுத்து போலிக் கையெழுத்து மாதிரி விழுந்தது.

கதவருகே போனவரை வேதமுத்து கூப்பிட்டார்.

"அந்தத் துண்டு எங்க?"

"கடையில சார்."

"பத்திரமா வச்சுக்கிடும். இனிமே வேட்டியிலயே வாரும். பேன்ட்டு உமக்கு ஆகல."

மத்தியானம் இரண்டு மணிக்குச் சண்முகசுந்தரி ஹால் டிக்கெட்டை நகலெடுக்க வந்தாள். குமரகுருபரன் ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"ஒண்ணு போதுமே அண்ணாச்சி."

"இருக்கட்டும். திங்கக்கெழமை எத்தன மணிக்குப் பரீட்ச?"

"பத்து மணிக்கு."

"ஒன்பதரைக்கு நான் போன் போடுவேன். எடுக்கக் கூடாது. எடுத்தன்னா வெளிய நிக்கன்னு அர்த்தம்."

அவள் சிரித்துக்கொண்டு போனாள். ஷிபினும் கூடப் போனான். "நல்லவேள, நீ எனக்குத் தங்கச்சி இல்ல," என்று அவன் சொல்வது படி இறங்கும்போது கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

கால்சட்டை தையல் கடைக்குப் போயிற்று. திருநீறு நெற்றிக்கு வந்தது. படம் மட்டும் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்ப குமரகுருபரனுக்கு மனம் வரவில்லை. பிடிபட்ட நாளில் அந்தக் கண்ணை எப்படிப் பார்ப்பது?

நாலு மணிக்கு மழை விட்டதும் மணிராஜ் வந்தார். கையில் ஒரு தாள்.

"பிரின்சிபால் குடுத்து விட்டாவ. பதினாலு பேரு. வருகை கொறஞ்சுக்கிட்டே போற பிள்ளைங்களாம். இவங்க வீட்டு நம்பரோட உம்ம நம்பரையும் சேத்துரலாமான்னு கேக்காவ."

குமரகுருபரன் தாளை வாங்கிப் பார்த்தார். ஏழும் பதினாலும் இருபத்தொன்று.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல மணிராஜண்ணே. அந்த மனுசன் என்னையப் பிடிச்சுக் குடுத்திருக்கணும். ஏன் விட்டாரு? புளியோதரைன்னு சொன்ன அப்பமே வெளிய தள்ளியிருக்கணும்லா?"

"தள்ளியிருக்கலாம்," என்றார் மணிராஜ். பார்வை சுவருக்குப் போனது. "இது என்னது, படம் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கு?"

"எங்கப்பா. ஒரு பொய் பொறுக்க மாட்டாரு. நான் அப்பன் வேசம் போடுதது தெரிஞ்சா தோல உரிச்சிருப்பாரு. அதான் திருப்பி வச்சிருக்கேன்."

மணிராஜ் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். மேசை மேல் கிடந்த பச்சைக்கரைத் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். முகம் வெளியே தெரியும்படி மறுபடியும் மாட்டினார்.

"எங்க வேதமுத்து சார் இங்கன படிச்ச மூணு வருசமும், அப்பான்னு சொல்லி இந்தத் துண்டோட வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனது இவருதாம்வே. அதுவும் திருநீறக்கூட அழிக்காம."